நாலாம் பொட்டு

போன மாதம் கிருஷாந்தி தொலைபேசியில் பேசினாள். நான் வேலையிலிருந்து இளைப்பாறிய பிறகு, ஆஸ்பத்திரியில் எங்கள் பிரிவில் என் கதிரையில் இருப்பவள் அவள். சத்திரசிகிச்சைத் தியேட்டருக்கு, மூளையின் அலைகளைப் பதியும் புதிய பட்டிகள் வந்திருக்கின்றனவாம். ஒரு நோயாளிக்கு ஒருமுறை பாவித்துவிட்டு எறிந்துவிட வேண்டுமாம்.

"பழசுகளை எல்லாம் கட்டிக் குடுக்கப் போறம் அக்கா. உங்கட நாலாம் பொட்டுக்காரனும் அலுமாரியில கிடக்கிறான். ஞாபகத்துக்கு அனுப்பி விடட்டே?" என்று சிரித்தாள். பிறகு, பிரிவின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்றாள். "சந்தோசமா ஏதும் எழுதுங்கோ. புதுசா வந்த பிள்ளைகளுக்கும் பிரயோசனமா இருக்கும்."

சந்தோஷமாக எழுத எனக்கு விஷயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவள் சிரித்துச் சொன்ன அந்தப் பெயர் மூன்று நாள் என்னைச் சாப்பிட விடவில்லை. ஆகவே இதை எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாமல் விடுவதும் அவள் விருப்பம்.

நான் மன்னார்ப் பக்கம் அரிப்பு என்ற கரையோர ஊரில் பிறந்தவள். படிப்பு முடிந்து கொழும்பில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஈ.ஈ.ஜி. பதிவாளராகப் பயிற்சி எடுத்தேன். தலையில் இருபத்தொரு இடத்தை நாடாவால் அளந்து, பசை வைத்து, வயர் ஒட்டி, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்வது தொழில். முதல் சில வருடங்களில் நான் செய்த சாதனை, பேன் பிடித்த தலைகளைக் கண்டு முகம் சுளிக்காமல் இருந்ததுதான். பிறகு வலிப்புக்கு மூளையில் சத்திரசிகிச்சை செய்யும் ஒரு டொக்டர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்தார். வாட்டில் ஈ.ஈ.ஜி. எடுத்துக்கொண்டிருந்த என்னைத் தியேட்டருக்குள் கூட்டிப்போனவர் அவர்.

அவரை நாங்கள் சேர் என்போம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். காலியைச் சேர்ந்தவர். தமிழ் தெரியாது. எங்கள் பேச்சு பாதி சிங்களமும் பாதி ஆங்கிலமுமாகப் போகும். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கையுறையைக் கழற்றிப் புதிது போட்டுக்கொள்வார், அவ்வளவுதான். ஒருநாளில் மூன்று தரம் கையுறை மாற்றினார் என்றால் தாதிமார் மூச்சுக்கூட விடமாட்டார்கள்.

மாத்திரைகளுக்கு அடங்காத வலிப்பு சிலருக்கு மூளையின் ஒரு சின்ன இடத்திலிருந்து கிளம்பும். அந்த இடத்தை எடுத்துவிட்டால் நிற்கும். ஆனால் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. மண்டையோட்டைத் திறந்த பிறகு, மூளையின் மேல் மெல்லிய சிலிக்கன் பட்டி ஒன்றை ஈரமாக்கிப் படிய வைப்பார் சேர். அதில் ஆறு சின்ன உலோகப் பொட்டுகள் இருக்கும். ஒவ்வொரு பொட்டும் தனக்குக் கீழே நடப்பதை என் திரைக்கு அனுப்பும். நோயுள்ள இடத்திலிருந்து ஊசி முனை போலக் கூரான அலைகள் வரும். அவற்றைப் பார்த்து நான் இலக்கம் சொல்ல வேண்டும். வெட்டி எடுத்த பிறகு ஓரங்களில் பட்டியை மறுபடி வைத்துப் பார்ப்போம். கூரலை மிஞ்சியிருந்தால் இன்னும் கொஞ்சம் எடுப்பார்.

அந்த வேளையில் சேர் தன் இருக்கையைப் பின்னால் தள்ளி, கைகளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, திரையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்ப்பார். "எங்கே? எத்தனை? நிச்சயமா?" மூன்று கேள்விதான். நான் நிச்சயம் என்று சொல்லும்வரை கத்தியைத் தொடமாட்டார். அரிப்பில் ஒரு மீன்பிடிகாரர் வீட்டுப் பிள்ளைக்கு, அந்தப் பெரிய மனிதர் தன் வாயைப் பார்த்துக்கொண்டு இருப்பது எவ்வளவு பெருமை என்று உங்களுக்கு விளங்கும். அந்தப் பெருமையைப் பற்றித்தான் பிறகு சொல்ல வேண்டியிருக்கிறது.

என் தொழிலில் பாதி, அலைகளில் எது மூளை, எது பொய் என்று பிரிப்பது. ஒரு வயர் ஆடினாலும் கூரலை வரும். தியேட்டர் லைட் எரிந்தாலும் திரை நடுங்கும். இதற்கு ஒரு சோதனை உண்டு. பொய்யான அலை ஒரு பொட்டிலேயே தனியாக நிற்கும். மூளையிலிருந்து வருவது என்றால் பக்கத்துப் பொட்டுகளையும் கொஞ்சமாவது அசைக்கும். அப்படியும் சந்தேகம் என்றால் பட்டியை ஒரு பொட்டளவு நகர்த்தி வைக்க வேண்டும். கூரலை பொட்டோடு சேர்ந்து நகர்ந்தால் பழுது பொட்டில். அதே இடத்தில் நின்று வேறு பொட்டில் வந்தால் நோய் மூளையில். நகர்த்தி, ஈரமாக்கி, பதிவு அடங்கும்வரை காத்திருக்க ஐந்து நிமிடம் போகும்.

புதிய பட்டி வாங்க அந்த நாளில் வழி இல்லை. இருந்த ஒன்றைக் கழுவி, கிருமி நீக்கி, திரும்பத் திரும்பப் பாவித்தோம். அப்படிப் பாவித்ததில் அதன் நாலாம் பொட்டுக்குப் போகும் வயர் உள்ளே எங்கோ பாதி அறுந்துவிட்டது. இரண்டு சத்திரசிகிச்சைகளில் நாலிலே கூரலை வந்து, நான் பட்டியை நகர்த்தக் கேட்டு, அது பொட்டோடு சேர்ந்தே நகர்ந்தது. பழுது என்று தெரிந்துகொண்டோம். அதற்குப் பிறகு தியேட்டரில் அது ஒரு பகிடியாகிவிட்டது. "நாலு இன்றைக்கு என்ன சொல்கிறது?" என்று சேர் கேட்பார். "வழக்கமான பொய்தான் சேர்" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். பழுதான சாமானைப் பழுதென்று தெரிந்து வேலை வாங்குவதில் நாங்கள் கெட்டிக்காரர். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்ட காலம் அது.

அந்தக் காலத்தில்தான் சஃபீனா வந்தாள்.

முசலிக் கரையில், எங்கள் ஊரிலிருந்து இரண்டு ஊர் தள்ளி அவள் ஊர். இருபத்தாறு வயது. கூட வந்தது அவளுடைய உம்மா. நான் அரிப்பு என்று கேள்விப்பட்டதும் அந்த உம்மா என் கையைப் பிடித்தவர் விடவேயில்லை. "கொழும்பில எங்கட பாசையில கதைக்க ஒரு மனிசி கிடைச்சிட்டா. அல்லாஹ்தான் உங்களை இதுக்குள்ள வச்சிருக்கிறான், அரிப்பு மிஸ்" என்றார். அதன்பிறகு வாட்டில் எல்லாருக்கும் நான் அரிப்பு மிஸ் ஆனேன்.

சஃபீனாவுக்கு வலிப்பு வரும்போது அரை நிமிடம் வெறித்துப் பார்ப்பாள், வாய் சப்புக்கொட்டும், வலது கை தளர்ந்து பிடித்திருப்பதை விட்டுவிடும். சில நாள் அப்படியே விழுவாள். வாரத்தில் மூன்று நாலு தரம். மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்தும் அடங்கவில்லை. வீட்டில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை இருந்தது.

"மிஸ், எனக்கு என்ர வருத்தம் பழகிப்போச்சு" என்றாள் என்னிடம். "என்ர பிள்ளையை நான் தனியத் தூக்கினதே இல்ல. பால் குடுக்கேக்கயும் ஆராவது பக்கத்தில இருந்து பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு இருப்பினம். ஒரு நாளைக்கெண்டாலும் ஒருத்தரும் பாக்காம அவளைத் தூக்கி வச்சிருக்க வேணும். அதுக்குத்தான் தலையைத் திறக்கச் சம்மதிச்சனான்."

நோயுள்ள இடம் பேச்சு வரும் பகுதிக்குப் பக்கத்தில் இருந்தது. ஆகவே நடுவில் மயக்கத்தைக் குறைத்து அவளை எழுப்பிப் பேச வைக்க வேண்டும். அவள் பேசிக்கொண்டிருக்கும்போது சேர் மூளையின் மேல் மெல்லிய மின்சாரம் வைப்பார். எங்கே பேச்சு தடைப்படுகிறதோ அங்கே ஒரு சின்ன இலக்கத் துண்டு வைப்பார், அந்த இடத்தைத் தொடக்கூடாது. மூளைக்கு நோவு தெரியாது. அங்கே தமிழ் தெரிந்தவள் நான் மட்டும் என்பதால் அவளோடு பேசுவதும் என் வேலையாயிற்று. ஒரு கண் திரையில், ஒரு கண் அவளில்.

பேச வைப்பதற்கு ஆஸ்பத்திரியில் இருந்த படங்களில் அப்பிளும் பனிமனிதனும்தான் இருந்தன. நான் ஓடம், நண்டு, கத்தரிக்காய், அம்மிக்கல் என்று வேறு படங்கள் செய்து வைத்திருந்தேன். நண்டுப் படத்தைக் காட்டினேன். தலை திறந்தபடி, துணிக்கூடாரத்துக்குள் ஒருக்களித்துப் படுத்திருந்தவள் சொன்னாள்: "நண்டு. ஆனா செத்த நண்டு மிஸ். காலைப் பாருங்கோ. இதைச் சந்தையில ஒருத்தரும் வாங்க மாட்டினம்."

சேருக்கு மொழிபெயர்த்தேன். முகமூடிக்குள் அவர் சிரித்தது கண்களில் தெரிந்தது.

இரண்டு இடத்தில் அவள் பேச்சு நின்றது, துண்டு வைத்தார். அவற்றை விட்டு நோயிடத்தை எடுத்தார். நல்லபடியாக நடந்தது. பிறகு ஓரத்தில் பட்டியை வைத்தார். மற்ற ஐந்தும் அமைதி. நாலிலே கூரலை, நாலைந்து விநாடிக்கு ஒருதரம்.

சேர் இருக்கையைத் தள்ளிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். "நாலு?"

"வழக்கமான பொய்தான் சேர்."

கொஞ்சம் யோசித்தார். "நகர்த்திப் பார்க்கவா?"

அந்த நேரம் சஃபீனா என் விரலைப் பிடித்தாள். அவள் எழும்பி இரண்டு மணித்தியாலம் ஆகியிருந்தது. "முடிஞ்சுதா மிஸ்? நா வரளுது. எனக்கு ஏலாது" என்றாள். அவளுக்கு முடிந்தது என்று சொல்ல எனக்கு ஆசை. அது ஒன்றுதான் காரணம் என்று எழுதினால் நான் நல்லவளாகிவிடுவேன். உண்மை அதுவல்ல. எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். தெரிந்த விஷயத்துக்கு ஐந்து நிமிடம் எதற்கு என்று நினைத்தேன்.

"தேவையில்லை சேர்" என்றேன். "நிச்சயம்."

தலையை மூடினார்கள்.

நாலு மாதம் அவளுக்கு ஒன்றும் வரவில்லை. மூன்றாம் மாதக் கிளினிக்குக்கு உம்மா பனங்கட்டியும் பாரைக் கருவாடும் கொண்டு வந்தார். கருவாட்டு வாசத்தில் எங்கள் பிரிவில் ஒரு வாரம் ஒருவரும் இருக்க முடியவில்லை. "மகள் இப்ப பிள்ளையைத் தனியக் குளிப்பாட்டுறா மிஸ். நான் வேணுமெண்டே அடுத்த வீட்டுக்குப் போய் இருக்கிறனான், அவ தனிய இருக்கட்டும் எண்டு" என்றார். சஃபீனா இடுப்பில் குழந்தையோடு நின்றாள். அவள் நின்ற தோரணையை என்னால் எழுத முடியாது. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷப்பட்ட நாள் குறைவு.

அதன்பின் நோன்பு வந்தது. குணமாக்கிய அல்லாஹ்வுக்கு நன்றியாக இந்த வருடம் நோன்பு பிடிப்போம் என்று உம்மாதான் சொல்லியிருக்கிறார். மாத்திரையை ஒருநாளும் விடவில்லை என்று, பிறகு ஈ.ஈ.ஜி. எடுக்கும்போது சஃபீனாவே எனக்குச் சொன்னாள். காலை மாத்திரையை விடியமுன் ஸஹர் சாப்பாட்டோடும், மாலை மாத்திரையை நோன்பு திறந்த பிறகும் எடுத்திருக்கிறாள். ஒருநாள் பின்னேரம் அஸர்த் தொழுகைக்குப் பிறகு, உம்மா அடுத்த வீட்டுக்குப் போயிருந்த நேரம், சஃபீனா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நோன்புக் கஞ்சியைத் துழாவிக்கொண்டு நின்றாள். அப்போது வலிப்பு வந்தது. சட்டி சரிந்தது. குழந்தையின் இடது கை தோளிலிருந்து விரல்வரை வெந்துபோனது.

கிளினிக்கில் சேர் என்ன நடந்தது என்று கேட்டபோது பதில் சொன்னது உம்மாதான். மொழிபெயர்த்தது நான்.

"நான்தான் நோன்பு பிடிக்கச் சொன்னனான். நான்தான் அவவைத் தனிய விட்டிட்டுப் போனனான். எல்லாம் என்னால வந்தது" என்றார்.

சேர் மெதுவாகத் தலையாட்டினார். நோன்பால் மருந்து நேரம் தவறியதால் மீண்டும் வலிப்பு என்று கோப்பில் எழுதினார். மாத்திரை நேரம் எப்படி மாற்றினீர்கள் என்று அவர் கேட்கவில்லை. மாத்திரை தவறவில்லை என்று உம்மா சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சொல்லத் தெரியாமல் இருந்தார். சொல்லத் தெரிந்த நான் சொல்லவில்லை. ஏனென்றால் அடுத்த அறையில் அன்று காலை அவளுக்கு ஈ.ஈ.ஜி. எடுத்தது நான். சேர் வெட்டி எடுத்த இடத்துக்குப் பின் ஓரத்தில் கூரலைகள் இருந்தன. நாலாம் பொட்டு இருந்த இடம் கிட்டத்தட்ட அதுதான்.

மத்தியானம் சாப்பிடப் போகாமல் தியேட்டர்ப் பதிவைத் திறந்து பார்த்தேன். நாலில் கூரலை வரும் ஒவ்வொரு தரமும் மூன்றிலும் ஐந்திலும் ஒரு சின்ன அசைவு இருந்தது. மிகச் சின்னது. ஆனால் ஒவ்வொரு தரமும் இருந்தது. பயிற்சிக்கு வரும் பிள்ளைக்கு முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்கும் விஷயம். அன்றைக்கு நாலாம் பொட்டு பொய் சொல்லவில்லை. நான் அதைப் பார்க்காமல், எனக்குத் தெரிந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த ஓரத்தில் பேச்சுக்கு வைத்த இலக்கத் துண்டுகூட இல்லை. இன்னும் கொஞ்சம் எடுத்திருக்கலாம்.

மறுநாள் காலை அந்தப் பதிவை அச்செடுத்துக்கொண்டு சேரின் அறைக்குப் போனேன். அவர் அடுத்த மாதம் வெளிநாடு போக ஆயத்தம் செய்துகொண்டிருந்தார், பெட்டிகளில் புத்தகம் அடுக்கியபடி நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன, ஏதாவது இருக்கிறதா?"

"லீவு போமில் ஒரு கையெழுத்து வேணும் சேர்" என்று, கோப்பில் கிடந்த விடுப்பு விண்ணப்பத்தை எடுத்து நீட்டினேன்.

போட்டுத் தந்தார். தாள்களை லீவு போமுக்கு அடியில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று என்னையே பல தரம் கேட்டிருக்கிறேன். என்னைத் தியேட்டரிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்ற பயம். அவர் இனி என் முகத்தைப் பார்த்து நிச்சயமா என்று கேட்கமாட்டார் என்ற வெட்கம். இவற்றைவிடக் கேவலமான ஒன்றும் இருந்தது. வேறொரு காரணம் ஏற்கெனவே கிடைத்துவிட்டதே என்ற நிம்மதி. ஒரு தாய் தானாகவே பழியைத் தூக்கிக்கொண்டு நின்றார். நான் அவரைத் தூக்க விட்டேன்.

கோப்பில் எழுதியது கோப்பிலேயே நின்றது. சேருக்குப் பிறகு வந்தவர்கள் அந்த வரியைப் படித்துவிட்டு, மருந்தை ஒழுங்காக எடுக்காதவர் என்று மாத்திரையைக் கூட்டினார்கள். இரண்டாம் சத்திரசிகிச்சை பற்றி யாரும் பேசவில்லை. குழந்தையைச் சஃபீனாவின் புருஷன் புத்தளத்தில் தன் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டான் என்று கேள்விப்பட்டேன். கொஞ்ச காலத்தில் அவர்கள் கொழும்புக் கிளினிக்குக்கு வருவதை நிறுத்தி, மன்னாரிலேயே மருந்து எடுத்தார்கள். எனக்கு அதுவும் நிம்மதியாக இருந்தது.

பிறகு நான் புதிய பட்டி ஒன்றைக் கேட்டு வாங்கினேன், பழையது அலுமாரிக்குப் போனது. என்ன காரணம் என்று கேட்டார்கள், பழுது என்றேன்.

இளைப்பாறி அரிப்புக்கு வந்து ஒரு வருடமாகிறது. பஸ்ஸில் ஏறினால் சஃபீனாவின் ஊர் அரை மணித்தியாலம்கூட இல்லை. ஒரு வருடமாக ஏறவில்லை. கிருஷாந்தி பேசி நாலாம் நாள், இப்போதுள்ள டொக்டருக்கு எல்லாவற்றையும் கடிதமாக எழுதினேன். மாத்திரை தவறவில்லை, ஓரத்தில் நோய் மிஞ்சியிருந்தது, பார்க்கத் தவறியது நான், பதிவு இன்ன இலக்கத்தில் இருக்கிறது, மறுபடி சத்திரசிகிச்சை செய்யலாமா என்று பாருங்கள் என்று. ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வேலிக்கு வெளியே நின்று கூப்பிட்டேன். சஃபீனா வந்தாள். மாத்திரைகளால் உடம்பு ஊதி, நடை மெதுவாகியிருந்தது. நெற்றியில், வலிப்பு வந்து விழுந்ததன் தழும்புகள். கொஞ்சம் உற்றுப் பார்த்தாள்.

"அரிப்பு மிஸ். உள்ளுக்கு வாங்கோ" என்றாள். கதிரையைத் துடைத்துப் போட்டாள். "உம்மாவைப் பாக்க வந்தனீங்களா? உம்மா மௌத்தாகி ரெண்டு வருசம் மிஸ்."

அவர் இறந்தது எனக்குத் தெரியாது. எழும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பட்டி, நாலாம் பொட்டு, சேர் கேட்டது, நான் தேவையில்லை என்றது, லீவு போம், ஒன்றும் விடவில்லை. பேச்சு அவளுக்கு மெதுவாகத்தான் ஏறியது, சில இடங்களை இரண்டு தரம் சொன்னேன்.

"அப்ப நோன்பால இல்லையா மிஸ்?"

"நித்திரை குறைஞ்சது கொஞ்சம் சேர்ந்திருக்கும். ஆனா வருத்தம் அந்த இடத்திலேயே மிச்சம் இருந்தது. நோன்பு பிடிக்காட்டிலும் வந்திருக்கும், சஃபீனா. இண்டைக்கில்லாட்டி நாளைக்கு."

கடிதத்தைக் கொடுத்தேன். மறுபடி பார்க்க வழி இருக்கிறது என்றேன். அவள் அதை வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பிரிக்கவில்லை.

"மகள் லீவுக்கு வருவா. ஏழாம் வகுப்பு. கை நல்லா நீட்டி மடக்குவா" என்றாள். பிறகு அடுப்படிப் பக்கம் பார்த்தாள்.

"பிள்ளையின்ர கை வெந்த பிறகு உம்மா இந்த வீட்டில கஞ்சி காய்ச்சவே இல்ல மிஸ். ஒவ்வொரு நோன்புக்கும் பேரீச்சம்பழமும் தண்ணியும்தான். நானும் சொல்றேல்ல, காய்ச்சுங்கோ எண்டு. எனக்கும் உள்ளுக்க கோபம் இருந்தது." சொல்லைத் தேடி எடுத்துச் சொன்னாள். "மௌத்தாகிறதுக்கு முதல் நாள் என்ர கையைப் பிடிச்சு, என்னை மன்னிச்சிடு மகள், உன்ர பிள்ளையை உன்னட்ட இருந்து பிரிச்சது நான்தான் எண்டா. நான் கொஞ்சம் பேசாம இருந்திட்டு, மன்னிச்சிட்டன் உம்மா எண்டு சொன்னனான்."

என் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"ஒண்டும் செய்யாத மனிசியை நான் மன்னிச்சிருக்கிறன் மிஸ். அவவும் சரியெண்டு கேட்டுக்கொண்டு போயிட்டா."

மன்னிப்புக் கேட்கத்தான் நான் அங்கே போனேன். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை எடுக்க எனக்கு வாய் வரவில்லை. அவள் தேநீர் ஊற்றப் போகிறேன் என்று எழும்பினாள், வேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.